சூடானதும் ஸ்டார்ட் ஆகாத 1965 இம்பாலா: யாராவது வழி சொல்லுங்கள்

நெடுஞ்சாலை65:
வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். போன குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு 1965 செவர்லே இம்பாலா வாங்கினேன். நான்கு கதவு ஹார்ட்டாப், 283 வி8, காற்றும் பெட்ரோலும் கலக்கும் இரண்டு துளை (பேரல்) உள்ள ராசெஸ்டர் கார்புரேட்டர், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். கராஜ் கதவை மூட வேண்டுமென்றால் பம்பரைச் சுவரோடு ஒட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. ஹைவேயில் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் வந்து வெயில் ஏறியதும்தான் தொல்லை. கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. பெட்ரோல் வாடை தூக்கலாக வருகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கறுப்புப் புகையைத் துப்பிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். ஓவர்ஹீட் ஆகவில்லை, சூட்டு விளக்கும் எரியவில்லை.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பானட்டைக்கூடத் திறக்காமல் புது கார்புரேட்டர் போடச் சொன்னார்கள். மே மாதம் குடும்பத்தோடு சான் அன்டோனியோ போகலாம் என்று நினைத்திருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வேகத்தடை:
ப்ரோ, சந்தேகமே வேண்டாம், வேப்பர் லாக். எலக்ட்ரிக் ஃப்யூயல் பம்ப் ஒன்று மாட்டுங்கள். கையோடு ஸ்பார்க்குக்கான பழைய கான்டாக்ட் பாயின்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டுவிட்டால் நிம்மதி.

கிரீஸ்கை:
தம்பி, கொஞ்சம் பொறு. அவர் எழுதியிருப்பதை இன்னொரு தடவை படி. பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை. பெட்ரோல் வராத வண்டி கறுப்புப் புகை விடாது. வேப்பர் லாக் என்றால் பம்புக்கோ லைனுக்கோ உள்ளே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போய்ச் சேராமல் நிற்பது. இங்கே நடப்பது நேர் எதிர் என்றுதான் எனக்குப் படுகிறது. வண்டியை நிறுத்தியதும் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அடுப்பில் வைத்த பால் மாதிரிப் பொங்கி இன்டேக்குக்குள், அதாவது இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் பாதைக்குள் வழிகிறது. திரும்ப செல்ஃப் அடிக்கும்போது உள்ளே பெட்ரோல் கூடுதல், காற்று குறைவு. பெர்கொலேஷன் என்று சொல்வார்கள்.

இப்போது விற்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதோடு, சீக்கிரம் ஆவியாகிற குளிர்காலக் கலவை ஏப்ரலில் இன்னும் பெட்ரோல் பங்க்குகளில் இருக்கலாம். கோடைக் கலவை எல்லா பங்க்கிலும் கட்டாயமாவது ஜூன் 1-இல்தான். அதனால்தான் ஆகஸ்டில் ஒழுங்காக ஓடுகிற பழைய வண்டிகூட ஏப்ரல் வெயிலில் மக்கர் பண்ணும்.

அதற்காக எதையும் வாங்கிவிடாதீர்கள். அடுத்த முறை மக்கர் பண்ணினால் சாவியைத் தொடாமல் ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். தானாகப் பெட்ரோல் சொட்டினால் நான் சொன்னதுதான். உள்ளே காய்ந்துபோய், ஆக்சிலேட்டர் லீவரைக் கையால் தள்ளியும் பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால் வேகத்தடை சொன்னது சரி. பெட்ரோலும் பீய்ச்சுகிறது, வழியவும் இல்லை என்றால் ஸ்பார்க் கொடுக்கும் காயில், கண்டென்சர் பக்கம் போகலாம். ஒன்று மட்டும்: யாராவது செல்ஃப் அடிக்கும்போது முகத்தை அங்கே நீட்டாதீர்கள். பேக்ஃபயர் ஆனால் புருவம் போய்விடும்.

இன்னொன்று. இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு முடிந்து பைப் ஆரம்பிக்கிற இடத்தில் ஹீட் ரைசர் வால்வு இருக்கும். வெளியே ஒரு சின்ன எடைக்கட்டி தொங்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

வேகத்தடை:
சரி, புகையை நான் கவனிக்கவில்லை. ஆனாலும் எலக்ட்ரிக் பம்ப் நல்லதுதானே?

கிரீஸ்கை:
எல்லா வண்டிக்கும் இல்லை. விபத்தில் இன்ஜின் நின்றால் மெக்கானிக்கல் பம்ப்பும் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்ப்பை அணைக்க ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போடாவிட்டால் அது பாட்டுக்குப் பெட்ரோலை அடித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம் தாராளம். அதற்கு மேல் போனால் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு வரும், அப்புறம் இன்னும் வழியும்.

பான்னிவில்_மாமா:
என்னிடம் இருப்பது போன்டியாக். எனக்கும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை இருந்தது, ஆனால் செல்ஃப்பே முக்கி முனகும். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே செல்ஃப் மோட்டார் இருப்பதால் வந்த வினை. புது கிரவுண்ட் கேபிளும் ஒரு தகடும் போட்டதும் சரியாகிவிட்டது. உங்களுக்குச் செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் அதை விட்டுவிடுங்கள்.

நான் கேட்க வந்தது வேறு. சான் அன்டோனியோ என்கிறீர்கள், குடும்பத்தோடு என்கிறீர்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் பாகத்தைப் பார்த்தீர்களா? 65-இல் வந்தது ஒரே அறை உள்ளது. நான்கு வீலில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கும் போய்விடும், பெடல் தரையில் படுத்துவிடும். இம்பாலா 1967 மாடலில்தான் இரட்டை அறைக்கு மாறியது. டிரம் பிரேக்கை டிஸ்க் ஆக்குவது அப்புறம் ஆகட்டும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் புது ரப்பர் ஹோஸ்களும் போடாமல் ஊர் தாண்ட வேண்டாம். ஸ்டார்ட் ஆகாத வண்டியால் யாருக்கும் காயம் படாது.

நெடுஞ்சாலை65:
அண்ணே, நீங்கள் சொன்னபடியே. மளிகைக் கடை பார்க்கிங்கில் ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தேன். வலது பேரலில் முத்து முத்தாகப் பெட்ரோல் சொட்டி, கீழே த்ராட்டில் தகட்டின் மேல் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. காதை வைத்தால் கிண்ணத்துக்குள் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

ஹீட் ரைசர் எடைக்கட்டி அசையவே இல்லை, துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. இன்டேக்கில் கார்புரேட்டருக்குக் கீழே மட்டும் ஆரஞ்சு பெயின்ட் கருகி உரிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் புதுசாக இருக்கிறது.

கிரீஸ்கை:
அந்தக் கருகிய பெயின்ட் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது அந்த வால்வு மூடியிருக்கும். வலப்பக்க எக்ஸாஸ்ட் வெளியே போக வழியில்லாமல், இன்டேக்குக்குள்ளே கார்புரேட்டருக்கு நேர் கீழே ஓடும் பாதை வழியாக இடப்பக்கத்துக்குப் போகும். பெட்ரோல் நன்றாக ஆவியாகட்டும் என்று செய்த ஏற்பாடு. எங்கள் மிச்சிகன் ஜனவரியில் அது தேவைதான். இன்ஜின் சூடானதும் ஸ்பிரிங் தளர்ந்து வால்வு திறந்துவிட வேண்டும். உங்களுடையது மூடிய நிலையிலேயே இறுகிவிட்டது. டெக்சஸ் வெயிலில் நாள் முழுக்கக் கார்புரேட்டர் வெந்துகொண்டிருக்கிறது. புது கார்புரேட்டர் போட்டிருந்தால் அதுவும் வெந்திருக்கும்.

தண்டின் இரண்டு முனையிலும் பெனிட்ரேட்டிங் ஆயில் அடித்து ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் சின்னச் சுத்தியலால் தண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் வளைந்துவிடும். அசைய ஆரம்பித்ததும் கிராஃபைட் போடுங்கள். சாதா இன்ஜின் ஆயில் வேண்டாம், கருகிப் பசையாகி மறுபடி பிடித்துக்கொள்ளும். வரவே வராது என்றால் வால்வைக் கழற்றிவிட்டு அதே தடிமனில் ஓர் இடைத்துண்டு (ஸ்பேசர்) போடலாம். உங்கள் ஊருக்கு அது தாங்கும். சோக் ஸ்பிரிங் இன்டேக்கின் மேல் உட்கார்ந்திருந்தால், அதற்குச் சூடு மெதுவாக ஏறுவதால் அப்புறம் சோக் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அதுவரை சூட்டில் நின்றால் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் பண்ணக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல்தான் போகும்.

நெடுஞ்சாலை65:
வால்வு வந்துவிட்டது! ஊறவைத்துத் தட்டியதில் முதலில் மயிரிழை அசைந்தது, இப்போது விரலால் தள்ளினால் தானே திரும்புகிறது. நேற்று 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஓட்டிவிட்டு அதே கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். பெடலை மிதித்துப் பிடித்ததும் இரண்டு சுற்றில் ஸ்டார்ட். புகை லேசாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சூடு குறைந்தால் தேவலை.

மாமா, மாஸ்டர் சிலிண்டர் ஆர்டர் பண்ணிவிட்டேன். பயணத்தை ஜூனுக்குத் தள்ளியாயிற்று. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு.

கிரீஸ்கை:
கார்புரேட்டருக்கு அடியில் சூட்டை எளிதில் கடத்தாத கால் அங்குல ஃபீனாலிக் ஸ்பேசர் போடுங்கள், மிச்சமும் போய்விடும். ஸ்டட் நீளம் போதுமா, ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லைன் இன்ஜினைத் தொடாமல் இருக்கட்டும்.

புதுவரவு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் ஆஸ்டினில் ஒரு 65 பார்த்து வைத்திருக்கிறேன். வாங்குமுன் எதைப் பார்ப்பது?

பான்னிவில்_மாமா:
இன்ஜினை விடுங்கள். அந்த ஒரே மாடல் ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, பாகத்துக்குப் பஞ்சமில்லை. துருவைப் பாருங்கள். பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு, அங்கிருந்து தண்ணீர் இறங்குகிற டிக்கித் தரை, கார்ப்பெட்டுக்கு அடியில் கால் வைக்கிற இடம், பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் பாடி மவுண்ட், பின்சக்கரத்துக்கு மேல் வளைகிற சேஸிஸ். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, மேலே பூசிய பட்டிதான். சேஸிஸ் அரித்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வந்துவிடுங்கள்.

தினமும் ஆபீசுக்கு ஓட்டுவதாக இருந்தால் டெக்சஸில் ஆன்டிக் நம்பர் பிளேட் எடுக்காதீர்கள். அது கண்காட்சி, கிளப் விழா மாதிரி காரியத்துக்கு மட்டும். கிளாசிக் பிளேட் கேளுங்கள். இன்ஷூரன்ஸில் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

புதுவரவு:
நன்றி மாமா. சனிக்கிழமை காந்தத்தோடு போகிறேன்.