பேராதனைப் பூங்காவுக்கு ஒரு நாள்: முழங்கால் வலியுள்ள அப்பாவோடு எதைப் பார்ப்பது?

வன்னிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். வரும் பள்ளி விடுமுறையில் அப்பா, நான், தரம் 6 படிக்கும் மகள், மூன்று பேரும் பேராதனைப் பூங்காவுக்குப் போக இருக்கிறோம். முதல் நாள் பின்னேரமே கண்டிக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குவதால் காலையில் வெள்ளனவே போய்விடலாம்.

அப்பாவுக்கு 74 வயது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பத்து நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். ஆனால் மரம், செடி என்றால் எங்கேயும் வருவார்.

நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை அங்கே வந்திருக்கிறேன். ஒன்றரை மணித்தியாலத்தில் முழுவதையும் சுற்றிக் காட்டிவிட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் நினைவில் நிற்பது எனக்கு முன்னால் வரிசையில் போனவளின் இரட்டைப் பின்னலும் வெள்ளை ரிப்பனும்தான். ஒரு மரம்கூட நினைவில் இல்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் அப்படி ஆகக்கூடாது.

எந்தப் பக்கம் போவது, எவ்வளவு நடக்க வேண்டி வரும், சாப்பாடு என்ன செய்வது? மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலை சேகரிப்பு ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இலை பறிக்க விடுவார்களா?

கடுகண்ணாவைத் தம்பி:

அக்கா, சாப்பாட்டுப் பார்சலை வெளியில் தெரியும்படி பையில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குகள் நிற்கும். போன முறை எங்கள் வாழைப்பழச் சீப்பு அப்படியே போய்விட்டது, என் சின்ன மகன் பயந்துபோனான். மூடி போட்ட பெட்டியில் கொண்டு போங்கள். குடையும் கட்டாயம், காலையில் வெயில் எறித்தாலும் பின்னேரம் மழை வரும். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பேராதனைப் பக்கம் போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் வாசலில் இறங்கலாம். அப்பாவுக்காக ஓட்டோ பிடித்தாலும் ஆறு கிலோமீட்டர்தான்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர்:

தங்கச்சி, உங்கள் பின்னல் கதையை வாசித்ததும் மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. நானும் முப்பது வருடம் பிள்ளைகளை அப்படி வரிசையில் கூட்டிப்போனவள்தான். ஓய்வு பெற்ற பிறகுதான் தனியாகப் போய் ஒரு மரத்தடியில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பார்க்கப் பழகினேன். அதனால் சொல்கிறேன்: 147 ஏக்கரையும் பார்க்க நினைக்காதீர்கள். நாலு மரம் போதும்.

காலை 7.30க்குத் திறப்பார்கள், அப்போதே உள்ளே போய்விடுங்கள். மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிற இடம். பெரும்பாலும் சமதரை, பாதையும் நல்லது, இடைக்கிடை வாங்கு போட்டிருக்கிறது. முழங்காலுக்குப் பெரிய கரைச்சல் வராது. வாடகைக்குச் சிறு மின்வண்டி ஓடுகிறதா என்றும் வாசலில் கேளுங்கள்.

முதலில் வாசனைத் திரவியத் தோட்டம். அது வாசலுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே நூறு வயது தாண்டிய சாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. கீழே வெடித்த காய் கிடந்தால் மகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளிர்மஞ்சள் சதை இரண்டாகப் பிளந்திருக்கும். உள்ளே கபில நிறக் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை. அந்த வலைதான் கடையில் வாங்குகிற சாதிபத்திரி. காய்ந்த பிறகு மங்கிப்போகிற அந்தச் சிவப்பை ஈரத்தோடு பார்த்தால் மறக்கமாட்டாள். அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1821இல் அலெக்சாண்டர் மூன் இந்த இடத்தில் வேலை தொடங்கியபோது கோப்பியும் கறுவாவும்தான் வைத்தார். பூ பார்க்கிற இடமாக அல்ல, பயிர் செய்து பார்க்கிற தோட்டமாகத்தான் இது தொடங்கியது. ஒரு தோட்டக்காரருக்கு அது விளங்கும்.

அடுத்தது நாகலிங்க மரம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் மேரியும் 1901இல் நட்டது. தென்னமெரிக்க மரம். பூ கிளை நுனியில் வராது, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். நாங்கள் பூவுக்குள்ளே லிங்கமும் மேலே படம் எடுத்த நாகமும் பார்க்கிறோம், சிங்களச் சனம் இதையே சால் மரம் என்று விகாரையில் நடுகிறார்கள். விழுந்து கிடக்கிற பூவைக் கையில் எடுத்து மணந்து பாருங்கள். பக்கத்தில் இரும்புக் குண்டு மாதிரிக் காய்களும் தொங்கும், அதனால் நேர் கீழே நிற்க வேண்டாம்.

மூன்றாவதைத்தான் அப்பாவுக்காக முக்கியமாகச் சொல்கிறேன். இரட்டைத் தேங்காய் மரங்கள். சீஷெல்ஸ் தீவுகளுக்கு உரியவை. உலகத்திலேயே பாரமான விதை இதற்குத்தான். ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்கும். தேங்காய் என்று சொன்னாலும் இது தென்னையைவிடப் பனைக்குத்தான் கிட்டின சொந்தம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, ஓலையும் விசிறி ஓலை. பெயர்ப்பலகையை வாசித்துக் காட்டாமல் அப்பாவை முதலில் அண்ணாந்து பார்க்க விடுங்கள்.

கடைசியாகப் புல்வெளியில் நிற்கிற ஜாவா அத்தி. ஒரே மரம் ஒரு மண்டபம் மாதிரிப் பரந்து நிற்கும். நிழலுக்குக் குறைவில்லை, அதன் அடியில் அப்பா ஆறுதலாக இருக்கட்டும்.

இலை பறிக்கக் கூடாது, விழுந்ததையும் வெளியே கொண்டு போக வேண்டாம். அதற்குப் பதிலாக நாலு வெள்ளைத்தாளும் ஒரு மெழுகுக் கிரேயானும் கொண்டு போங்கள். விழுந்த இலையைத் தாளுக்கு அடியில் வைத்து மெதுவாக உரசினால் நரம்பு நரம்பாக வரும். ஆற்றங்கரையில் இராட்சத மூங்கில் பார்ப்பீர்கள். நல்ல மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரு நாளில் ஒரு அடி வளரும். அதில் காதலர்கள் கத்தியால் பெயர் வெட்டி வைத்திருப்பார்கள். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது. மகளுக்கு அதைக் காட்டி, ஏன் செய்யக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கம்பளை வாசி:

ரீச்சர் சொன்னது சரி, ஆனாலும் பிள்ளை ஒன்று வருகிறதே! ஓர்கிட் மண்டபத்தையும் தொங்கு பாலத்தையும் விட்டுவிட்டால் ஏமாந்து போகும். பகலில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் மரத்தில் தலைகீழாகத் தொங்குவதையும் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. சனி, ஞாயிறு போகாதீர்கள், கூட்டம்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர்:

வௌவாலை ஒத்துக்கொள்கிறேன், அது வழியிலேயே தெரியும், சத்தமும் கேட்கும். ஓர்கிட் மண்டபம் பிள்ளை கேட்டால் போகட்டும். பாலத்துக்கு அப்பாவைக் கொண்டு போக வேண்டாம், அந்த ஆட்டம் முழங்காலுக்குக் கூடாது. தங்கச்சி, ஒன்றை எழுத மறந்துவிட்டேன். உள்ளே பனைமரச் சாலை ஒன்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பனை. அப்பாவுக்குக் களைப்பு இல்லாவிட்டால் அதையும் பாருங்கள்.

வன்னிக்காரி:

ரீச்சர், தம்பி, கம்பளை அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை போய் வந்தோம். எட்டு மணிக்கு முன்னமே உள்ளே போய்விட்டோம், புல்லில் பனி காயவில்லை.

இரட்டைத் தேங்காய் மரத்தடியில் ரீச்சர் சொன்னபடியே வாய் திறக்காமல் நின்றேன். அப்பா ஓலையைப் பார்த்தார், காயைப் பார்த்தார், பிறகு சுற்றிப்போய் மற்ற மரத்தைப் பார்த்துவிட்டு "இது ஆண், அது பெண். பனைச் சாதி" என்றார். பலகையை அவர் பார்க்கவேயில்லை. மகள் வாய் பிளந்து நின்றாள்.

மத்தியானம் அத்தியின் கீழே சாப்பிட்டோம், குரங்கு வரவில்லை. வௌவால் பார்க்க மகள் மூன்று தரம் திரும்பி ஓடினாள்.

அப்பா களைத்துப்போனார், பனைமரச் சாலை வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பனை இருக்கிறதாம் என்றதும் எழும்பிவிட்டார். அங்கே போய் ஒரு மரத்தின் அடியில் கையை வைத்து மேலும் கீழும் தடவினார். எங்கள் ஊர்ப் பனையில், ஏறுகிறவர்கள் காலில் மாட்டுகிற தளைநார் உரசி உரசி ஒரு பக்கம் மினுங்கும். இதில் அந்தத் தடமே இல்லை. "இது ஆரும் ஏறாத பனை" என்று சொல்லி, கையை எடுக்காமல் கன நேரம் நின்றார். அவருடைய அப்பா கள்ளுக்காகப் பனை ஏறியவர் என்பதை மகளுக்கு முதல்முதலாக அங்கே வைத்துத்தான் சொன்னார். எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். மகள் இலை உரசலை விட்டுவிட்டு அந்த மரப்பட்டையின் மேலே தாளை வைத்து உரசி எடுத்தாள். இப்போது அது சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

ரீச்சரிடம் ஒரு கேள்வி. அப்பா ஆவணியில் திரும்ப வர வேண்டும் என்கிறார், அந்த மலைநாட்டுக் குளிரில் பனம்பழம் விழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அப்போது அங்கே மழை எப்படி இருக்கும்?