பதினாறு முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பின பிறகு யார்கிட்ட போறது?

ஓ.பி. செவிலியர்:
கணவர் தவறி ஒன்பது மாசமான ஒரு அம்மா. தலைவலின்னு மூணு தடவை வந்து மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க. நாலாவது தடவைதான் டாக்டர், "வீட்ல எத்தனை பேரும்மா?"ன்னு கேட்டார். "ரெண்டு பேரு." தினமும் காலையில ரெண்டு டம்ளர்ல காபி ஆத்தி வைக்கிறாங்களாம். முதல் தடவையே மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்கணும்.

ஆலோசகர்:
டம்ளரை வச்சு முடிவு பண்ணாதீங்க சிஸ்டர், அது பாசம். ஆறு மாசம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாம, சமையல், வேலை, பேச்சு எல்லாம் நின்னு போச்சான்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11 சொல்ற நீடித்த துயரக் கோளாறு அதுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. போக முடியலைன்னா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண். 2022 அக்டோபர்ல இருந்து ராத்திரி பகலா இயங்குது, கட்டணம் கிடையாது. தமிழைத் தேர்ந்தெடுத்து, யார் தவறினாங்க, எப்போ, எத்தனை நாளா தூக்கம் இல்லைன்னு மூணே விஷயம் சொன்னா போதும். தேவைன்னா மனநல மருத்துவர்கிட்ட இணைப்பாங்க. சாகணும்னு ஒரு வார்த்தை வந்தாலும் அன்னிக்கே கூப்பிடுங்க, தனியா விடாதீங்க.

பள்ளி ஆசிரியை:
ஒண்ணாவது படிக்கிற பையன். "அப்பா சாமிகிட்ட தூங்கப் போயிட்டார்"னு வீட்ல சொல்லியிருக்காங்க. பாட்டி கண்ணை மூடினாலே உலுக்கி எழுப்புறான், அவனும் தூங்குறதில்லை. "இறந்துட்டார்"னே சொல்லணும். "உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனி வலிக்காது, திரும்பி வரமாட்டார், இது உன்னால இல்லை." திரும்பத் திரும்பக் கேப்பான். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைல சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னா பையன் இன்னும் பயந்துடுவான்.

இ-சேவை மையம்:
ஆலோசனையெல்லாம் சரி, காகிதத்துக்கு அலையறதுலயே பாதிப் பேர் ஒடிஞ்சு போறாங்க. துக்கம் விசாரிக்க வர்றவங்க, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு போயிடாதீங்க. எதை நீங்க பார்த்துக்கறீங்கன்னு சொல்லுங்க. இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும். பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பதியும்போதே பாருங்க. பின்னாடி பேங்க்ல திருப்பி அனுப்புறது பெரும்பாலும் இதுக்காகத்தான். அடுத்து வாரிசுச் சான்று, தாசில்தார் கொடுப்பார், மனு இங்கேயே போடலாம். அந்த அம்மாவைக் கவுண்டர் கவுண்டரா நிக்க வைக்காதீங்க. படிவத்தை நீங்க நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.