மின்சாரம் போய் வந்தால் போர்டு வைஃபையில் சேருவதில்லை

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர்ப் பக்கம் தோப்பு. மோட்டார் அறையில் ஆரஞ்சு பை என்ற சிறு கணினிப் போர்டு சொட்டுநீர் வால்வுகளை இயக்குகிறது. அதில் ஆர்ம்பியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். மின்சாரம் போய் வந்தால் போர்டு எழுந்துவிடுகிறது, வைஃபைதான் சேருவதில்லை. ஒவ்வொரு முறையும் மானிட்டரையும் கீபோர்டையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். இந்த மாதம் ஐந்தாவது நடை.

திருப்புளி:
ரூட்டர் எழத் தாமதமாகும். போர்டு எழும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் ஸ்லீப் 60 (60 விநாடி காத்திரு) போட்டு, அதன்பின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரை மறுபடி தொடங்குங்கள்.

மாந்தோப்பு:
60 போட்டேன், 180 போட்டேன். பலனில்லை.

ஈயப்பற்று:
மானிட்டரை மாட்டியபின் என்னதான் செய்கிறீர்கள்?

மாந்தோப்பு:
ஒன்றும் செய்வதில்லை ஐயா. லாகின் செய்கிறேன், அதுவே சேர்ந்துவிடுகிறது.

ஈயப்பற்று:
அப்படியானால் ரூட்டர் மீது பழி போட வேண்டாம். வைஃபை கடவுச்சொல் உங்கள் பயனர் கணக்கின் கீரிங்கில் (கடவுச்சொல் பெட்டகத்தில்) பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் லாகின் செய்தால்தான் அது திறக்கும். சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் "நோ சீக்ரெட்ஸ்" என்ற வரி இருக்கிறதா, பாருங்கள்.

திருப்புளி:
ஆட்டோ லாகின் வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஈயப்பற்று:
தீராது. ஆட்டோ லாகினில் யாரும் கடவுச்சொல்லைத் தட்டுவதில்லை, அதனால் கீரிங் பூட்டியே இருக்கும். கடவுச்சொல்லை சிஸ்டத்திடமே ஒப்படைப்பதுதான் சரி. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவுடன் இந்தக் கட்டளையைக் கொடுங்கள். "தோப்பு" இருக்கும் இடத்தில் உங்கள் இணைப்பின் பெயர், கடைசியில் உங்கள் வைஃபை கடவுச்சொல்:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை தோப்பு வைஃபை-செக்.பிஎஸ்கே-ஃப்ளாக்ஸ் 0 வைஃபை-செக்.பிஎஸ்கே கடவுச்சொல்

கனெக்‌ஷன்.பெர்மிஷன்ஸ் (இணைப்பை யார் பயன்படுத்தலாம் என்ற பட்டியல்) என்பதில் உங்கள் பயனர் பெயர் இருந்தால் அதையும் காலி செய்யுங்கள். இனி கடவுச்சொல் சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் கோப்புறையில் வெளிப்படையாகவே இருக்கும். ரூட் (நிர்வாகி) மட்டுமே படிக்க முடியும். மோட்டார் அறைக்கு அந்தக் காவல் போதும். ஸ்லீப் வரிகளை எடுத்துவிடுங்கள், பாவம்.

மாந்தோப்பு:
"நோ சீக்ரெட்ஸ்" நான்கு முறை இருந்தது. மாற்றியபின் மெயின் சுவிட்சை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே போர்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஆனால் சும்மா இருந்தால் ஒரு மணி நேரத்தில் பதில் மந்தமாகிறது.

ஈயப்பற்று:
மின்சேமிப்பாக இருக்கலாம். அதே இணைப்பில் வைஃபை.பவர்சேவ் 2 என்று வையுங்கள். இரண்டு என்றால் சேமிப்பு அணைந்தது என்று பொருள். இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேருங்கள்.

மாந்தோப்பு:
சரியாகிவிட்டது. கீபோர்டைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.