மறு: ‘என்டெரிக் மீத்தேன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அவையோர்க்கு வணக்கம்.

மாடு தின்றதைச் செரிக்கும்போது அதன் உடலுக்குள் உண்டாகும் மீத்தேன் வாயுவுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பெயர்கள் மூன்று: குடல் மீத்தேன், செரிமான மீத்தேன், ஏப்ப மீத்தேன். நான் நான்காவதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> என்டெரிக் என்றால் ‘குடல்சார்ந்த’ என்றுதானே அகராதி சொல்கிறது? குடல் மீத்தேன் என்றே வைத்துவிட்டால் என்ன?

அகராதி ஒத்துக்கொள்ளும், மாடு ஒத்துக்கொள்ளாது ஐயா. மாடு தின்ற வைக்கோலும் சோளத்தட்டையும் முதலில் போய்ச் சேரும் இடம் ரூமன் என்கிற முதல் வயிறு. பெரிய பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். காற்றுப் புகாத அந்த இடத்தில் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து, மாட்டுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை ஆக்கித் தருகின்றன. கூடவே ஹைட்ரஜனும் உண்டாகிறது. அது தேங்கினால் நொதிப்பே மந்தமாகிவிடும். ஆர்க்கியா என்னும் வகை நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனைப் பிடித்து, கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடுகின்றன. இவ்வளவும் குடலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்குடலிலும் உண்டாகிறது, உண்மைதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சோடுதான் வெளியே வருகிறது. வால் பக்கம் போவது சொற்பம்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2003-இல் நியூசிலாந்து அரசு, கால்நடை வாயு பற்றிய ஆராய்ச்சிக்காக விவசாயிகளிடம் ஒரு வரி வாங்கப் பார்த்தது. எதிர்த்தவர்கள் அதற்குக் ‘குசு வரி’ என்று பெயர் வைத்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றப் படிக்கட்டில் டிராக்டரையே ஏற்றினார். வரி கைவிடப்பட்டது. வாயு வருவது மாட்டின் வாயிலிருந்து என்று அப்போது எத்தனை பேர் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. நாமும் ‘குடல்’ என்று வைத்தால் வாசகர் மனம் நேரே பின்பக்கம்தான் போகும்.

> ஏப்ப மீத்தேன் என்றால் கறவைக்காரருக்கும் புரியும்.

புரியும், எனக்கும் பிடித்திருக்கிறது. அளக்கும் முறையைப் பார்த்தாலும் பொருத்தம்தான். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு தெரிந்த அளவில் சிறுகச் சிறுகக் கசியும் சின்னக் குப்பி ஒன்றை மாட்டின் முதல் வயிற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். மூக்குக்கு மேலே ஒரு நுண்குழாயை மூக்கணைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, கழுத்தில் தொங்கும் வெற்றிடக் கலத்தில் அதன் மறுமுனையை மாட்டுவார்கள். மாடு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும், கலத்தில் மூச்சும் ஏப்பமும் சேர்ந்துகொண்டிருக்கும். பிறகு கலத்தில் அந்த வாயுவும் மீத்தேனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து மீத்தேனைக் கணக்கிடுவார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களைப் பற்றி நாடுகள் கொடுக்கும் கணக்கில் ‘என்டெரிக் ஃபெர்மென்டேஷன்’ ஒரு தலைப்பு, சாண மேலாண்மை இன்னொரு தலைப்பு. முதல் தலைப்பை ‘ஏப்ப நொதித்தல்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ‘செரிமான நொதித்தல்’ தப்பில்லை, ஆனால் பள்ளிப் புத்தகத்தில் செரிமானம் என்றாலே நொதிகளும் அமிலமும்தான். இங்கே வேலை செய்வது நுண்ணுயிர்.

என் பரிந்துரை: வயிற்று மீத்தேன், வயிற்று நொதிப்பு. அதற்கு இணையாகச் சாண மீத்தேன். ‘வயிறு சரியில்லை’ என்று நாம் சொன்னால் இரைப்பையும் அதில் அடங்கும், குடலும் அடங்கும். பின்குடலில் உண்டாகும் அந்தப் பத்தில் ஒரு பங்கையும் விட்டுவிடாத சொல் இது. (கறிக்கடையில் ‘குடல்’ என்று கேட்டால் வயிற்றையும் சேர்த்துத்தானே தருகிறார்கள் என்று யாராவது மடக்குவீர்கள். அது தராசுக்குச் சரி, உடற்கூறியலுக்கு உதவாது.)

இதை உண்டாக்கும் உயிரிக்கு ‘மீத்தேனாக்கி’ போதும். தடுக்கும் தீவனச் சேர்மானத்துக்கு ‘மீத்தேன் எதிர்ப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அது உண்டான மீத்தேனோடு மல்லுக்கு நிற்பதில்லை, உண்டாவதைக் குறைக்கிறது. 3-நைட்ரோஆக்ஸிபுரோப்பனால் என்ற சேர்மம், மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியை அடைக்கிறது. கறவைப் பசுக்களில் சுமார் 30 சதவீதம் குறைகிறது. பெங்களூரிலுள்ள தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த தாவரப் பொருள்களைக் கொண்டு ‘ஹரித் தாரா’ என்ற சேர்மானத்தை உருவாக்கியது. அதில் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்கிறார்கள். புளியங்கொட்டைத் தோலையும் அங்கே இதற்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, மீத்தேன் குறைப்பி.

இன்னொன்று, செங்கடற்பாசி. அஸ்பராகாப்சிஸ் வகைப் பாசி மீத்தேனை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் அதில் புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருளும் அயோடினும் இருப்பதால் பாலில் எவ்வளவு இறங்குகிறது என்ற சோதனையும் கூடவே நடக்கிறது. பாலைக் குடிக்கப்போவது நாம், அதனால் அந்தச் சோதனையில் தேறாத சேர்மானம் எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

கடைசியாக, ‘மீத்தேன் இன்டென்சிடி’. நம் கலைச்சொல் பட்டியலில் ‘மீத்தேன் செறிவு’ என்று ஏறியிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். செறிவு என்றால் காற்றிலோ கரைசலிலோ எவ்வளவு கலந்திருக்கிறது என்று பொருள். இங்கே சொல்ல வருவது ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்று. நாளுக்கு 40 லிட்டர் கறக்கும் பசு 400 கிராம் விட்டால் லிட்டருக்கு 10 கிராம். 3 லிட்டர் கறக்கும் மாடு அதில் பாதியே விட்டாலும் லிட்டருக்கு 60 கிராமைத் தாண்டும். நம் ஊரில் தீவனத்தைச் சமன்செய்து கறவையைக் கூட்டச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. தீவன ஆற்றலில் சுமார் 6 சதவீதம் மீத்தேனாகவே போய்விடுகிறது என்றால் மாட்டுக்காரருக்கும் சுருக்கென்று இருக்கும். ஒற்றைச் சொல் கிடைக்கும்வரை ‘லிட்டருக்கான மீத்தேன்’ என்றே எழுதலாம். ‘பாலலகு மீத்தேன்’ என்று ஒருவர் முன்வைத்தது எனக்கு வாயில் நுழையவில்லை.

கால்நடை மருத்துவர் ஐயா, ரூமனுக்கு உங்கள் வகுப்பில் எந்தச் சொல்லை ஆள்கிறீர்கள்? முதல் வயிறு, முதல் இரைப்பை, அசையூண் வயிறு மூன்றையும் ஆங்காங்கே பார்க்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.