சங்கத்துக்கு வந்த ரோட்டுக் காசு: கணக்கை எங்கயிருந்து பிடிக்கிறது?

வரம்போரம்:
முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம். உள்வீதிக்குக் கிரவல் போட அரச காசு வந்து, வேலை முடிஞ்சதெண்டு முழுக்க எடுத்தாச்சு. மதிப்பீடு 100 மீற்றர் நீளம், 10 அடி அகலம், இறுக்கினாப் பிறகு 6 அங்குலம். ஒரு மழைக்கே பழைய மண் தெரியுது. தலைவர் கணக்குக் காட்டுறாரில்லை. பொருளாளர் வெறுங் காசோலைகளில கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறா. நேர பொலிசுக்குப் போகலாமோ?

பாலையடி:
முதல்ல தாள், பிறகுதான் பொலிஸ். தலைவரிட்ட இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ. கேட்டால் காசுப் புத்தகம் புதுசா எழுதுப்படும், இல்லாட்டி "கறையான் அரிச்சுப் போட்டுது" எண்டுவினம். அவற்ற கை படாத பிரதி பிரதேச செயலகக் கோவையில இருக்கு. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில அங்க விண்ணப்பியுங்கோ. தமிழில எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

"எல்லாக் கணக்கும் தாங்கோ" எண்டு எழுதினால் இழுபடும். வேலையின்ர பேர், ஆண்டு போட்டு, ஒப்பந்தம், மதிப்பீடு, தொழில்நுட்ப உத்தியோகத்தர் எடுத்த அளவீடு, கொடுப்பனவு வவுச்சர், கூறுவிலைகள் (வேலைக்கு முதல் கடைகளிட்ட வாங்கிற விலைக் கடிதங்கள்) எண்டு தனித்தனியாக் கேளுங்கோ. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். மறுத்தால் 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பாக்கிறதுக்கு நியமிச்சவர்) மேன்முறையீடு, அங்கயும் சரிவராட்டி 2 மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கோ.

கியூப்:
கிரவலை நீங்களே கணக்குப் பாக்கலாம். 328 அடி × 10 அடி × அரை அடி = 1640 கன அடி. 100 கன அடி ஒரு கியூப், அப்ப இறுக்கினாப் பிறகு 16.4 கியூப். உதிரியா ஏத்திற மண் றோலர் போட்டால் அமரும், அதால 20 கியூப் அளவில பறிச்சிருக்கவேணும். வவுச்சரில 20 இருந்து நிலத்தில 3 அங்குலம்தான் எண்டால் பாதிக் கிரவல் வரேல்லை.

அளக்கேக்க நடுவில மட்டும் தோண்டாதேங்கோ, நடு கூடுதலாத் தடிப்பா இருக்கக்கூடும். 20 மீற்றருக்கு ஒரு இடமா, நடு, ரெண்டு கரை எண்டு சின்னக் குழி வெட்டி, அடிமட்டம் வைச்சுப் படமெடுங்கோ. மாரி அடிச்சுக் கழுவ முதல் செய்யவேணும். பிந்தினால் "வெள்ளம் கொண்டு போட்டுது" எண்ட கதைக்கு மறுமொழி இராது.

பாலையடி:
கூறுவிலை மூண்டும் ஒரே கையெழுத்தோ, ஒரே திகதியோ எண்டும் பாருங்கோ. காசோலை கடையின்ர பேருக்குப் போகாமல் காசா மாத்தப்பட்டிருந்தால் அதுதான் முக்கியமான பிடி.

வரம்போரம்:
பொருளாளர் அக்காவும் மாட்டுப்படுவாவோ?

கியூப்:
கையெழுத்து அவவின்ரதெல்லோ, விசாரணை அவவிட்டயும் வரும். மிச்சக் காசோலைப் புத்தகத்தை இண்டைக்கே திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ. வெறுமனே கையெழுத்து வைச்ச காசோலைகளின்ர இலக்கங்களை எழுதி, கொடுப்பனவை நிறுத்தச் சொல்லி வங்கிக்குக் கடிதம் குடுக்கட்டும். பிரதியைக் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் அனுப்பச் சொல்லுங்கோ.