கடல் மேலாண்மை: மொத்தப் பிடி வரம்பு போதுமா, இடமும் பார்க்கணுமா?

வலைக்கண்:
கடல் சூழலை முழுசாப் பார்த்து மீன்பிடியை முறைப்படுத்தணும்னு தீர்மானம் போடறது சுலபம். அண்டார்க்டிக் கிரில்லைப் பாருங்க, பென்குயின் தின்னும் இறால் மாதிரி சின்ன உயிரி. தென் அட்லாண்டிக் பக்கம் இருக்கிற 48-ஆம் மீன்பிடிப் பகுதியில் 2019 அளவைப்படி சுமார் 6.26 கோடி டன் இருப்பு. ஆண்டுக்குப் பிடிக்கக்கூடியது 6,20,000 டன். நூற்றில் ஒண்ணுதான்! இன்னும் என்ன எச்சரிக்கை வேணும்?

ஆழி:
நூற்றில் ஒன்று என்பது முழுப் பரப்புக்கான கணக்கு. குஞ்சு வளர்க்கும் பென்குயின் கூட்டிலிருந்து வெகுதூரம் போக முடியாது. கப்பல்களும் கிரில் அடர்ந்த அதே நீர்ப்பகுதிக்குத்தான் வருகின்றன. அதனால்தான் வரம்பைத் துணைப்பகுதிவாரியாகப் பிரித்திருந்தார்கள். அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய 48.1 துணைப்பகுதிக்கு 25%, அதாவது 1,55,000 டன். அதை எட்டியதும் அங்கே மூடல். அங்கே மீன்பிடியை முறைப்படுத்தும் பன்னாட்டு ஆணையத்தின் (CCAMLR) 2024 கூட்டத்தில் இந்தப் பிரிவினை புதுப்பிக்கப்படவில்லை. 2025 ஆகஸ்டிலேயே மொத்த வரம்பும் தீர்ந்து மீன்பிடி நின்றது. மொத்த எண் மாறவில்லை, எங்கே பிடிப்பது என்ற கட்டுதான் அவிழ்ந்தது.

வலைக்கண்:
சரி, இடம் முக்கியம்னு வச்சுக்குவோம். எந்த மீன் எதை எவ்வளவு தின்னுதுங்கிற தரவு எங்கே? உடனே நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கே இருக்கிற பேரன்ட்ஸ் கடலோட கேப்லினைக் காட்டுவீங்க, அது காட் மாதிரி பெரிய மீனுக்கு இரையாகிற சின்ன மீன். அங்கே ஒலி அலை அனுப்பி மீன் இருப்பைக் கணக்கிடற எதிரொலி அளவை ஆண்டுதோறும் நடக்குது, காட் மீன் வயிற்றைக் கிழிச்சு உள்ளே என்ன இருக்குன்னு நார்வேயும் ரஷ்யாவும் பல பத்தாண்டாப் பார்க்குது. வேற எத்தனை கடலுக்கு அந்த வசதி?

ஆழி:
அங்கே கேப்லின் பிடிக்க வைத்திருக்கும் விதியே எளிமையானதுதான். ஏப்ரல் 1 அன்று 2,00,000 டன் முட்டையிடும் கேப்லின் மிஞ்ச 95% வாய்ப்பு இருக்க வேண்டும். காட் தின்பதைக் கழித்த பிறகே மீனவருக்குப் பங்கு, இல்லையேல் பூஜ்யம். 1980-களின் நடுவில் கேப்லின் சரிந்தபோது காட் மெலிந்தது, கில்லிமாட் பறவைகள் கூட்டமாகச் செத்தன, சீல்கள் நார்வே கரைக்கு வந்து வலையில் மாட்டின. தரவு குறைந்த இடத்துக்கு வேறு வழி உண்டு: இரைமீனின் உச்ச இருப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பறவைகளுக்கு விடுவது.

வலைக்கண்:
உச்சம் எதுன்னு யார் சொல்றது? பத்து வருஷத் தரவில் தெரியற உச்சம், ஏற்கெனவே சுரண்டின கடலோட உச்சம்.

கலங்கரை:
குறுக்கே வருகிறேன். மூடினால் கப்பல் எங்கே போகும் என்று இருவரும் பேசவில்லை. வடகடலில் 2001 பிப்ரவரி 14 முதல் ஏப்ரல் 30 வரை காட் முட்டையிடும் பகுதியை மூடினார்கள். இழுவலைக் கப்பல்கள் சும்மா நிற்கவில்லை, அதுவரை வலை படாத கடல்தரைக்கு நகர்ந்தன. ஆகவே மூடும்போதே மொத்த மீன்பிடி நாட்களையும் குறைக்க வேண்டும், தொடாத தரையை முன்கூட்டியே பூட்ட வேண்டும். செயற்கைக்கோள் இடங்காட்டி 2 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் இடம் சொல்கிறது என்றால், மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் இழுக்கும் கப்பல் நடுவில் 8 மைல் போயிருக்கும். 5 மைல் அகல மூடல் பகுதிக்குள் புகுந்து வெளியேறியதே தெரியாது.

ஆழி:
நல்ல கணக்கு. உச்சம் எது என்று வலைக்கண் கேட்டதற்குப் பதில்: ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே சாண்டீல் என்ற சிறு இரைமீனுக்கு, அதைத் தின்னும் பறவையையே அளவுகோலாக்கினார்கள். கிட்டிவேக் என்ற கடற்பறவையின் கூட்டுக்குச் சராசரி 0.5 குஞ்சுக்குக் கீழே மூன்று ஆண்டு தொடர்ந்தால் மூடு, 0.7-க்கு மேல் மூன்று ஆண்டு நீடித்தால் திற என்பது 1999 பரிந்துரை. 2000-இல் மூடினார்கள். கூடுகளை எண்ண ஆய்வுக்கப்பல் வேண்டாம்.

வலைக்கண்:
இது ஏற்புதான். ஆனா கடல் சூடானாலும் சாண்டீல் குறையும். அப்ப 0.7 எட்டாமலே போகலாம், தற்காலிக மூடல் நிரந்தரமாயிடும். அதை முதல்லயே மீனவர்கிட்ட சொல்லிட்டு மூடுங்க.