மிதவைக் கதவும் மரத்தூள் மூட்டையும்: மும்பைக் கப்பல் தளங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

பம்பு அறைக்காரர், செம்பூர்

டாக்யார்டு ரோடு நிலையத்தில் இறங்கி இருபத்தாறு ஆண்டுகள் வேலைக்குப் போனவன் நான். ஊர்க்காரர்கள் விசாரித்தால் "கப்பல் கட்டுகிறார்" என்று என் மனைவி சொல்லிவிடுவாள். உண்மையில் எந்தக் கப்பலின் ஒரு தகட்டைக்கூட நான் தொட்டதில்லை. கப்பல் வந்து உட்காரும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டேன்: உலர்துறையின் (கப்பலை உள்ளே விட்டு, நீரை இறைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் துறை) மிதவைக் கதவு, நீர் இறைக்கும் பம்புகள், வால்வுகள், தரைக்கடியில் ஓடும் வடிகால்கள். இந்த மாதிரி வேலையில் இருந்த மும்பைத் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. அவரவர் பட்டதை எழுதுங்கள்; முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

மிதவைக் கதவு என்பது உள்ளே கூடான, கப்பல் போன்ற ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் நீரை நிரப்பினால் அமிழ்ந்து துறையின் வாயில் உட்காரும். நீரை இறைத்துவிட்டால் மிதக்கும், இழுத்து ஓரம் கட்டலாம். அதைப் பூட்டுவதற்குத் தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. துறைக்குள்ளிருக்கும் தண்ணீரை இறைக்க இறைக்க, வெளியே நிற்கும் கடலே கதவைக் கருங்கல் முகப்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 10 மீட்டர் ஆழம் என்றால் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் அழுத்தம். கதவு 30 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,500 டன்னுக்கு மேல். இந்தச் சுமை முழுவதையும் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவிலிருக்கும் ஒரு ரப்பர் பட்டைதான் கசியாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லவரும் இரவில் அமாவாசை ஓதம். மும்பைத் துறைமுகத்தில் அத்தகைய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் என்பதால், ஏற்றத்தின் உச்சியில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் கப்பலை உள்ளே கொண்டுவந்து கதவைப் போட்டாக வேண்டும். கயிறு இழுக்கும் தளத் தொழிலாளர்களான கலாசிகள் "பர்த்தி போய்விடும், பர்த்தி போய்விடும்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்; பர்த்தி என்றால் ஓத ஏற்றம். முகப்புக் கல்லை முக்குளிப்பவர் தடவிப் பார்த்துத் துடைத்த பிறகே கதவைப் போட வேண்டும் என்பது முறை. அன்று நேரமில்லை என்று அதை விட்டுவிட்டார்கள். கப்பல், துறைத் தரையில் அதைத் தாங்க அடுக்கியிருக்கும் கட்டைகளின்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது. நடு இரவில், துறை முக்கால்வாசி வற்றியிருந்தபோது, கதவின் வலது ஓரத்தில் கையளவு அகலத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கத் தொடங்கியது.

பம்புகள் தாங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று மேலதிகாரிக்குச் சொன்னேன்; ஆனால் கீழே கப்பலின் அடிப்பக்கத்தில் ஆட்கள் இறங்கி வேலையைத் தொடங்க வேண்டிய இடம் அது. அப்போது எங்கள் பிரிவிலிருந்த, ரத்னகிரிப் பக்கத்து வயதான கலாசி ஒருவர், யாரிடமும் எதுவும் கேட்காமல் தச்சுப் பட்டறைக்குப் போய் ஒரு மூட்டை மரத்தூளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாக்கின் வாயைப் பாதி தளர்த்தி, நீண்ட மூங்கிலின் நுனியில் கட்டி, கதவின் கடல்பக்கமாகக் கசிவுக்கு நேரே மெல்ல இறக்கினார். உள்ளே பாயும் நீர் தூளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் இடுக்கில் அடைத்தது. தூள் ஊறிப் பருத்தது. பத்து நிமிடத்தில் பீய்ச்சல் நூலாக மெலிந்து, பிறகு சொட்டாகியது. எந்தக் கையேட்டிலும் நான் அதைப் படித்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கதவை எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. மீன்பிடி வலையின் நைலான் துண்டு ஒன்று, ஒரு மரச்சில்லைச் சுற்றிக்கொண்டு ரப்பரின் நடுவே கிடந்தது. அதன்பிறகு முக்குளிப்பவரின் கையெழுத்து இல்லாமல் கதவைப் போடுவதில்லை என்று பம்பு அறையிலிருந்து நாங்கள் அடம்பிடித்தோம். அதற்காக இரண்டு முறை ஓதம் தவறிப்போய்த் திட்டு வாங்கியதும் உண்டு.

மின்பணியாளர், அந்தோப் ஹில்

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குக் கரையிலிருந்து கப்பலுக்குக் கொடுக்கும் மின்சாரம் நினைவுக்கு வந்தது. பெரும்பாலான கப்பல்களின் மின்சாரம் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கம்பியில் வருவது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நடுவே மாற்றி இயந்திரம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை அதைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தபோது, "ஒரு மணி நேரம்தானே, நேரடியாகவே கொடு" என்று ஒருவர் வற்புறுத்தியதால், கப்பலின் குளிர்பதன அமுக்கிக்கு (கம்ப்ரசர்) நேர் இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் ஓடத்தான் செய்தது, ஆனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக, ஒருவித முனகலோடு. சற்று நேரத்தில் அதன் உறையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை. கேட்காமலே இணைப்பைத் துண்டித்தேன். அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். மழைக்காலத்தில் கேபிள்களைத் தரையில் போடாமல் மரக் கொக்கிகளில் தொங்கவிடுவதும், கப்பலின் தொட்டிகளுக்குள் 24 வோல்ட் விளக்குகளைத் தவிர வேறெதையும் அனுமதிக்காததும் தனிக்கதை. அவற்றுக்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் இடம் போதாது.

பாதுகாப்பு அலுவலர், சயான் கோலிவாடா

வணக்கம் ஐயா. என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து மஸ்ஜித் பந்தரில் மூட்டை தூக்கியவர். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது, வானத்திலிருந்து எரியும் பஞ்சுப் பொதிகள் விழுந்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் அதோடு பஞ்சும் இருந்தன. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அதனால்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாள். நமக்கோ அன்று சித்திரை முதல் நாள். வீட்டில் மாங்காய்ப் பச்சடி காத்திருக்க, நான் ஒத்திகைக்குப் போவது ஆண்டுதோறும் வழக்கம்.

உலர்துறையில் நிற்கும் கப்பலுக்கு உறிஞ்சக் கடல் இல்லை. அதன் தீயணைப்புப் பம்புகளால் பயனில்லை. கரையின் தண்ணீர்க் குழாயைத்தான் கப்பலின் குழாயோடு இணைக்க வேண்டும். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் பொருந்துவதற்காக அந்த இணைப்புத் தட்டுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு: வெளிவிட்டம் 178 மில்லிமீட்டர், உள்விட்டம் 64, போல்ட்டுகளின் நடுவட்டம் 132, போல்ட்டுகள் நான்கு. ஓர் ஏப்ரல் 14 ஒத்திகையில் எங்கள் தட்டைக் கப்பலின் தட்டோடு சேர்த்தோம். இரண்டு போல்ட்டுகள் நுழைந்தன, மற்ற இரண்டும் நுழையவில்லை. பழைய தட்டு துருப்பிடித்துவிட்டதென்று பட்டறையில் யாரோ கண்ணளவாகப் புதிதாக வெட்டி, அழகாகச் சிவப்பு வண்ணமும் பூசி மாட்டியிருந்தார்கள். பெட்டியில் தட்டு இருக்கிறதா என்று மாதந்தோறும் சரிபார்த்துக் கையெழுத்திட்டவள் நானேதான். ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. இப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு மரத்தட்டு அச்சு இருக்கிறது. மாதந்தோறும் அதை வைத்துப் பொருத்திப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேநீர் இடைவேளையில் எரிவாயுக் குழாய்களைத் தொட்டிகளுக்குள்ளேயே விட்டுவிட்டு மேலேறி வருவது வெல்டர்களின் பழக்கம். சிறு கசிவு இருந்தாலும் அரை மணி நேரத்தில் உள்ளே அசிட்டிலீன் தேங்கிவிடும். ஆக்சிஜன் கசிந்தால் உடுத்திய துணியே திரிபோல் பற்றும். குழாயை வெளியே இழுத்துப் போடச் சொன்னால், "பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவனுக்கு உங்கள் விதி கட்டாது, மேடம்" என்று ஒரு தம்பி நேராகவே சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இழுத்துப் போட்டு மறுபடி இறக்க இருபது நிமிடம் போகும், அது அவன் கூலி. கடைசியில், அந்த வேலைக்கென்றே ஓர் உதவியாளைப் போட நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தேன். நான் எழுதிய எந்தச் சுற்றறிக்கையாலும் நடக்காதது அந்த ஓர் ஆளால் நடந்தது.

கிரேன் பிரிவு, ஓய்வு, வடாலா

2021 மே 17, டவ்தே புயல் மும்பையைத் தொட்டுக்கொண்டு போன நாள். கிரேன்களைத் தண்டவாளத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, கீழே தரையிலுள்ள குழிக்குள் புயல் ஊசியை இறக்கிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்று கிரேனைத் தண்டவாளத்தோடு தள்ளிக்கொண்டே போய்விடும். முந்தின நாள் மாலை இறக்கிப் பார்த்தோம், ஊசி பாதியில் நின்றது. குழி முழுக்கச் சேறும், எப்போதோ யாரோ கொட்டிவிட்டுப் போன சிமென்ட் கலவையும். இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து உளியால் இரவு ஒன்பது மணிவரை செதுக்கினார்கள். கிரேனின் கம்பிக் கயிற்றையும் பிரேக்கையும் ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினோம். குழி எங்கள் பட்டியலில் இல்லை, அது கட்டடப் பிரிவுக்காரர்களுடையதாம்.

2020 ஆகஸ்டு 1 அன்று விசாகப்பட்டினத்துக் கப்பல் தளத்தில் புது கிரேன் ஒன்று சோதனையின்போது சரிந்து 11 பேர் இறந்த செய்தி வந்த பிறகு, சுமைச் சோதனை நடக்கும்போது கிரேனின் நிழலில்கூட ஆள் நிற்கக்கூடாது என்று எங்கள் பிரிவில் கயிறு கட்டத் தொடங்கினோம். அதற்கு முன்பு வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும்.

பம்பு அறைக்காரர், செம்பூர்

கட்டைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். 2016 டிசம்பர் 5 அன்று மும்பைக் கடற்படைத் தளத்தில் ஐ.என்.எஸ். பேத்வா, உலர்துறையிலிருந்து வெளியே எடுக்கும் நேரத்தில் சரிந்து, இரண்டு மாலுமிகள் உயிரிழந்தார்கள். கப்பல் கட்டையில் உட்காரும்போதும் கட்டையைவிட்டு எழும்போதும் வரும் சில நிமிடங்கள்தான் மோசமானவை. எடையில் ஒரு பகுதியைக் கட்டையும் மீதியை நீரும் தாங்கும். அப்போது கப்பலின் நிலைத்தன்மை குறைந்துவிடும். அந்த நிமிடங்களில் பம்பு அறையில் நாங்கள் பேச்சைக்கூட நிறுத்திவிட்டு, கப்பலை உள்ளே விடுவதையும் வெளியே எடுப்பதையும் நடத்தும் டாக் மாஸ்டரின் வாக்கி டாக்கியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம்.

மரத்தூள் இப்போதும் உண்டா என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். தச்சுப் பட்டறையை மூடி வருடங்கள் ஆகின்றன. நான் ஓய்வுபெற்ற வாரத்தில், ரே ரோடு மர அறுவை மில்லிலிருந்து இரண்டு மூட்டை வாங்கி வந்து, பம்பு அறையில் மூன்றாம் பம்புக்குப் பின்னால், ஈரம் படாத மூலையில் பலகைமேல் வைத்துவிட்டு வந்தேன். மூங்கிலும் அங்கேதான் சாத்தியிருக்கிறது.